குளிர்கால இரவும் மூடிய அறையும்

(நமது டிரஸ்ட் சார்பில் ஜமாஅத் குடும்பங்களுக்காக நடந்த குளிர்கால நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம்.)



 



கார்த்திகை பிறந்துவிட்டால் நம் டிரஸ்ட்டுக்கு வரும் கோரிக்கைகள் மாறிவிடும். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்று கேட்டு வந்தவர்கள் கம்பளி கேட்பார்கள். இப்போது கொஞ்ச காலமாக இன்னொன்றும் கேட்கிறார்கள்: "வீட்டில் வயசானவங்க இருக்காங்க, பிள்ளை பெத்தவ இருக்கா, ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் இந்தக் கூட்டம். ஹீட்டர் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது. ராத்திரி நாம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் அறைக்குள் என்ன எரிகிறது, அந்த அறையில் காற்று எப்படி இருக்கிறது என்பதுதான் அது.

நம் ஊர்க் குளிர்

தமிழ்நாடு என்றாலே வெயில் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நம் ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம், பாகலூர் பக்கமெல்லாம் மேட்டு நிலம்தான். தளியை வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று அழைத்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். கிருஷ்ணகிரி பக்கம் இறங்கிவிட்டால் குளிர் குறைந்துவிடும். ஆனால் சூளகிரியைத் தாண்டி மேலே ஏற ஏற, மார்கழி, தை மாதங்களில் பஜ்ருக்கு எழுந்து உளூ செய்யும்போது கை மரத்துப்போகும்.

அந்தக் காலத்து வீடு ஓட்டு வீடு. சுவருக்கும் கூரைக்கும் நடுவே சந்து இருக்கும். உள்ளே விறகடுப்பு எரிந்தாலும் புகை போக வழி இருந்தது. கண் எரிந்தது, சுவர் கறுத்தது, இருமல் வந்தது. அதுவும் கேடுதான். ஆனால் அந்தச் சந்து ஒரே ராத்திரியில் உயிரைப் போக்கும் கேட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது. 1970-களில் சிப்காட் வந்தபிறகு ஊர் வளர்ந்தது. லைன் வீடுகளும், பத்துக்குப் பத்து கான்கிரீட் அறைகளும் எழும்பின. இன்றைக்குப் புதிதாகக் கட்டும் அறைகளில் சன்னலைத் தள்ளி மூடினால் காற்று நுழைய இடமில்லை. வென்டிலேட்டர் இருந்தாலும் கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து அட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். வீடு மாறிவிட்டது. நெருப்புச்சட்டியை உள்ளே கொண்டுபோகும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

நடந்தவை நான்கு

யாரையும் பயமுறுத்துவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. எல்லாமே செய்தித்தாளில் வந்தவை.

2020 ஜனவரியில் கேரளாவிலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன குழுவினர், டாமன் என்ற மலையூரில் ஒரு விடுதியில் தங்கினார்கள். கடும் குளிர். ஒரே அறையில் இரண்டு குடும்பங்கள், எட்டுப் பேர், அதில் நான்கு பேர் குழந்தைகள். கேஸ் ஹீட்டரை ஏற்றிவிட்டு, கதவு சன்னல்களை உள்ளே தாழிட்டுத் தூங்கினார்கள். காலையில் எட்டுப் பேருமே மயங்கிக் கிடந்தார்கள். ஹெலிகாப்டரில் காட்மாண்டுவுக்குக் கொண்டுபோயும் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

2024 ஆகஸ்டில் நம் கொடைக்கானலில், நண்பர்களாகச் சுற்றுலா போன இளைஞர்கள் கரி அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். அந்த அடுப்பு இருந்த அறையிலேயே தூங்கிய இருவர் எழுந்திருக்கவில்லை.

2025 அக்டோபரில் மைசூரு மாவட்டம் பிரியாபட்டணத்தில் கேஸ் கீசர் இருந்த குளியலறையில் குளிக்கப்போன அக்கா தங்கை இருவர் இறந்துபோனார்கள். நம் சமுதாயத்துப் பெண்பிள்ளைகள். அடுத்த மாதமே பெலகாவியில், ராத்திரி அறைக்குள் கரி மூட்டி வைத்துத் தூங்கிய நம் இளைஞர்கள் மூவர் காலையில் பிணமாகக் கிடந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அல்லாஹ் அவர்களுடைய கப்ருகளை விசாலமாக்குவானாக.

கேரளாக்காரர்கள், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், கர்நாடகப் பிள்ளைகள். ஊர் வேறு, வயது வேறு. ஆனால் நான்கு இடத்திலும் மூன்று விஷயம் ஒன்றாகவே இருந்தது: நெருப்பு எரிந்தது, இடம் மூடியிருந்தது, யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சந்தேகம் ஏன் வரவில்லை?

கரியோ, விறகோ, கேஸோ, மண்ணெண்ணெயோ, எது எரிந்தாலும் அதற்குப் போதுமான காற்று வேண்டும். மூடிய இடத்தில் காற்று குறையும்போது அது அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகிறது. கரி நெருப்பில் புகையே இல்லாதபோதும் இந்த வாயு நிறையவே வரும். "புகை அடங்கிடுச்சு, இனி உள்ளே எடுத்துட்டுப் போகலாம்" என்று நாம் சொல்கிறோமே, உண்மையில் அந்தத் தணல்தான் ஆபத்தானது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கண் எரியாது, இருமல் வராது.

நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமந்து உடம்பு முழுக்கக் கொண்டுபோகிறது. ஆக்சிஜனோடு ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு அது கார்பன் மோனாக்சைடோடு ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் இந்த வாயு உட்கார்ந்துவிட்டால் ஆக்சிஜனுக்கு ஏற இடமில்லை. மூளையும் இதயமும் முதலில் தவிக்கும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, கைகால் சோர்வு வரும். தூங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடைக்காது. தூக்கம் மயக்கமாகி, மயக்கம் மரணமாகிவிடும். வயிற்றில் பிள்ளை சுமப்பவருக்கும், கைக்குழந்தைக்கும், இதயநோய் உள்ளவருக்கும் இன்னும் சீக்கிரம் கேடு வரும்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி

இந்த வாயுவுக்கு விஞ்ஞானம் பெயர் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒரு வழிகாட்டல் கிடைத்திருக்கிறது. மதீனாவில் ஓர் இரவில் ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், தூங்கும்போது அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியதாக அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தூங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரிய விடக்கூடாது என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களுடைய அறிவிப்பும் இருக்கிறது. புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இவை இடம்பெற்றுள்ளன. எலி விளக்குத் திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணத்தோடு சொல்லும் அறிவிப்பும் உண்டு.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது, தொங்கவிட்ட விளக்குகளைப் போல ஆபத்துக்கு இடமில்லாத நிலையில் தடை இல்லை என்கிறார்கள். அதாவது, இந்தக் கட்டளையின் காரணம் உயிருக்கு வரும் ஆபத்து. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கரிச்சட்டி, கேஸ் ஹீட்டர், செந்தணலாகச் சிவக்கும் காயில் ஹீட்டர் எல்லாமே தூங்குமுன் அணைக்கப்பட வேண்டியவைதான். படுக்கும் முன் ஓதும் துஆக்களோடு, அணைத்துவிட்டோமா என்று ஒரு சுற்றுப் பார்த்து வருவதையும் வழக்கமாக்கிக்கொள்வோம். நபிவழியை நிறைவேற்றிய நன்மையும் இன்ஷா அல்லாஹ் கிடைக்கும்.

மின்சார ஹீட்டர்: சரியும் தவறும்

இப்போது ஹீட்டருக்கு வருவோம். "ஹீட்டர் போட்டால் ஆக்சிஜனை இழுத்துவிடும், மூச்சு முட்டிச் செத்துப்போவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை. கம்பி சூடாகிறது, அந்தச் சூடு அறைக்கு வருகிறது, அவ்வளவுதான். அது கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்காது, ஆக்சிஜனையும் தின்னாது. ஆகவே கரியா, கேஸா, கரண்டா என்று கேட்டால் அறைக்குள் கரண்ட் ஒன்றுக்குத்தான் இடம் உண்டு.

பிறகு ஏன் ஹீட்டர் போட்ட அறையில் காலையில் தலை கனக்கிறது, தொண்டை வறள்கிறது? மூன்று காரணங்கள். ஒன்று, சூடான காற்றில் ஈரப்பதம் குறைகிறது. மூக்கும் கண்ணும் தோலும் வறண்டுபோகும். இரண்டு, போன வருடத்துக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கிய ஹீட்டரின் கம்பியில் படிந்த தூசு கருகும். முதல் நாள் வரும் அந்தக் கருகல் வாடை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. மூன்றாவதுதான் முக்கியம். சூடு வெளியே போகக்கூடாது என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். ஐந்து பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சு அதே அறைக்குள் சுற்றுகிறது. ஒருவருக்கு சளி, ஃப்ளூ இருந்தால் எல்லோருக்கும் வருகிறது. காசநோய் பரவுவதற்கும் காற்றோட்டம் இல்லாத அறைதான் வசதி. ஹீட்டர் மேல் பழியைப் போடுகிறோம், சன்னலை மறந்துவிடுகிறோம்.

ஆகவே ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் சன்னல் இரண்டு விரல் அகலமாவது திறந்திருக்கட்டும், அல்லது வென்டிலேட்டர் திறந்திருக்கட்டும். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்திலும், கிரஷர், கிரானைட் பட்டறை பக்கத்திலும் இருப்பவர்கள் சாலைப் பக்கச் சன்னலை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். அறை வறண்டால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம். ஆனால் அதை ஹீட்டர் மேலோ, ஒயர் பக்கத்திலோ வைக்கக் கூடாது.

பிளக், ஒயர், கரண்ட் பில்

மின்சார ஹீட்டரில் காற்றைவிடப் பெரிய ஆபத்து தீயும் ஷாக்கும்தான். கணக்கை எளிதாகச் சொல்கிறோம். கடையில் விற்கும் பெரும்பாலான ஃபேன் ஹீட்டரும் ஆயில் ஹீட்டரும் 2000 வாட் அல்லது அதற்கு மேல். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். நம் வீட்டில் ஃபோன் சார்ஜ் போடும் சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. அதில் செருகினால், அல்லது அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து அதில் ஹீட்டரையும் போட்டால், ஒயர் சுவருக்குள்ளேயே சூடாகும். பிளக் தொட்டால் சுடுகிறதா, பிளாஸ்டிக் உருகும் வாடை வருகிறதா, உடனே நிறுத்திவிடுங்கள்.

ஹீட்டருக்குப் பெரிய 16 ஆம்பியர் பாயிண்ட், மூன்று பின், எர்த் இணைப்பு வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். கீழே சாய்ந்தால் தானே அணையும் வசதியும், அளவோடு சூடாகி நிற்கும் தெர்மோஸ்டாட்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிவந்து எரியும் ராடு வைத்தது விலை குறைவு. ஆனால் கம்பளி நுனியோ துப்பட்டாவோ பட்டால் பற்றிக்கொள்ளும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டுக்கு ஆயில் ஹீட்டர் பாதுகாப்பானது. அதில் செந்தணலும் இல்லை, காற்றைக் கிளப்பித் தூசையும் பரப்பாது. எதுவானாலும் படுக்கை, திரை, துணிக்கு மூன்றடி தள்ளியே இருக்க வேண்டும். அதன்மேல் ஈரத்துணி காயப்போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுடுவது தெரியாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்காருவதோ, வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துக்கொண்டு தூங்குவதோ வேண்டாம். கொப்புளம் வந்து புண்ணாகும்.

வீட்டு மெயினில் ஆர்.சி.சி.பி. என்ற உயிர்காக்கும் கருவி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு உள்ள வீட்டில் அது கட்டாயம் வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரலை வைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

பில் கணக்கையும் பார்ப்போம். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 2 யூனிட். 100 யூனிட்டை அது 50 மணி நேரத்தில் தின்றுவிடும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடவிட்டால் ஆறு, ஏழு ராத்திரியில் தீர்ந்துவிடும். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் போட்டு, அறை சூடானதும் அணைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தால் உயிருக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

பிள்ளை பெற்ற வீட்டில்

தாய்மார்களே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று நம் நானிமாக்களும் தாதிமாக்களும் சொல்வது சரிதான். பச்சைக்குழந்தையின் உடம்பு சூட்டைத் தாங்கிவைக்காது, அதைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்கிறார். நோக்கத்தில் பெரியவர்களும் டாக்டரும் ஒன்றுதான். வழியைத்தான் மாற்ற வேண்டும்.

நாற்பது நாளும் கதவைச் சாத்தி, கட்டிலுக்குக் கீழே அங்கீட்டி வைப்பதும், குளிப்பாட்டியதும் குழந்தையைச் சாம்பிராணிப் புகை மேல் காட்டுவதும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் புகை பிறந்து சில நாளேயான நுரையீரலுக்குள் போகிறது. அந்தத் தணலின் வாயு தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே போகிறது. சளி கட்டுகிறது, இழுக்கிறது என்று பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம்.

அதற்குப் பதிலாக என்ன செய்யலாம்? குழந்தையின் தலைக்குக் குல்லா, காலுக்கு சாக்ஸ். தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படக் குழந்தையை வைத்து மேலே போர்த்திக்கொள்வது எல்லாவற்றையும்விடச் சிறந்த ஹீட்டர். 1970-களின் கடைசியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாதபோது டாக்டர்கள் தொடங்கிய முறை இது. இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் எடை குறைந்த குழந்தைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாயின் தலைமுடியை மதிய வெயிலில் காயவைக்கலாம். அறையை முன்கூட்டியே ஆயில் ஹீட்டரில் சூடாக்கிவிட்டு, குளிப்பாட்டி முடித்துத் துடைத்து உடுத்தலாம். சாம்பிராணி வாசனை வேண்டும் என்றால் குழந்தை இல்லாத நேரத்தில் முற்றத்தில் போடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மருமகள் இதைச் சொன்னால் வீண் மனவருத்தம் வரும். ஆகவே மகன்மார்களே, நீங்களே உங்கள் தாயிடம் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஊதுபத்தி, பக்கூர், கொசுவர்த்தி

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்று கண்டது. சிகரெட் பிடிக்கும் ஆளை வீட்டுக்குள் விடமாட்டோம். கொசுவர்த்தியைத் தொட்டிலுக்குக் கீழே வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள், அதில் புகையே இல்லை. பக்கூர், ஊதுபத்தி வைப்பவர்கள் சன்னலைத் திறந்து வையுங்கள், படுக்கும் முன் அணைத்துவிடுங்கள்.

குளியலறை

பெங்களூர் பக்கத்தில் இருப்பதால் கேஸ் கீசர் நம் ஊரிலும் நிறைய வந்துவிட்டது. சிலிண்டர் இணைத்துத் தண்ணீரைச் சுடவைக்கும் பெட்டி. சின்னக் குளியலறையில் அது எரியும்போது சில நிமிடங்களிலேயே அந்த வாயு நிறைந்துவிடும். குளிர்காலத்தில் குளிப்புக் கடமையானவர்கள் பஜ்ருக்கு முன் அவசரமாகப் போய்க் கதவையும் வென்டிலேட்டரையும் மூடிக்கொண்டு குளிக்கும்போது நடப்பதுதான் இந்த விபத்து. கீசர் பெட்டியும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வரட்டும். உள்ளே மாட்டியிருப்பவர்கள் இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். மாற்றும்வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கதவைத் திறந்துவைத்த பிறகு குளியுங்கள். குளியலறைக்குள் போன பிள்ளை வெகுநேரம் சத்தமில்லாமல் இருந்தால் கதவைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் உடையுங்கள். கதவு போனால் வேறு செய்துகொள்ளலாம்.

வாடகைக்கு விடும் அறைகள்

நம் குடும்பங்களில் பலர் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறோம். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வந்த பிள்ளைகள் ஒரே அறையில் ஐந்தாறு பேராக, ஷிப்ட் மாற்றித் தூங்குகிறார்கள். அவர்கள் ஊர்க் குளிரில் அங்கீட்டி மூட்டும் பழக்கம் உண்டு. வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதனால் சாவு விழுகிறது. அதே பழக்கத்தோடு இங்கே நம் கான்கிரீட் அறைக்குள் கரி மூட்டினால் என்ன ஆகும்? வாடகை வாங்கும் நமக்கு அந்த உயிர் அமானிதம் இல்லையா?

மூன்று காரியம் செய்யுங்கள். அடைத்துக் கிடக்கும் வென்டிலேட்டரைத் திறந்துவிடுங்கள், கொசுவலைக் கம்பி அடித்துக்கொடுங்கள். ஒவ்வொரு அறையிலும் எர்த்தோடு கூடிய பெரிய பாயிண்ட் ஒன்றாவது போட்டுக்கொடுங்கள். அறைக்குள் கரி, விறகு மூட்டக் கூடாது என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். உருது பேசும் குடும்பங்கள் நம் ஜமாஅத்தில் எத்தனையோ. இந்தப் பிள்ளைகளிடம் நேராகப் பேச இந்த ஊரில் நம்மைப் போல வசதி வேறு யாருக்கு இருக்கிறது? அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் அண்டை வீட்டாரின் உரிமை அவர்களுக்கும் உண்டு.

ஆபத்து வந்துவிட்டால்

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம், காய்ச்சல் இல்லை, வெளியே வந்தால் கொஞ்சம் தேவலை. இப்படி இருந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே எது எரிகிறது என்று பாருங்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு, சன்னலைத் திறந்துவிட்டு அவரை உடனே வெளியே இழுத்து வாருங்கள். நீங்கள் உள்ளேயே நின்றுகொண்டிருக்காதீர்கள், நீங்களும் விழுவீர்கள். முகத்தில் ஈரத்துணி கட்டினால் இந்த வாயு நிற்காது. 108-க்குச் சொல்லுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். மூச்சு நின்றிருந்தால், தெரிந்தவர்கள் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். ஆஸ்பத்திரியில் "அறையில் கரி எரிந்தது", "கேஸ் கீசர் ஓடியது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டி "98 காட்டுது, ஒண்ணுமில்லை" என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கருவி இந்த வாயு ஒட்டிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே காட்டும். சரியான நிலை ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். வெறும் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். ஆகவே தாமதம் கூடாது.

கேஸ் கசிவு வேறு விஷயம். அது வாடை வரும். அப்போது சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குச் சொல்லுங்கள்.

நம் டிரஸ்ட்டின் ஏற்பாடு

கோரிக்கை வைத்தவர்களுக்குப் பதில் சொல்லி முடிக்கிறோம். எல்லோருக்கும் ஹீட்டர் வாங்கிக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். காற்றோட்டமும் சரியான ஒயரிங்கும் இல்லாத வீட்டுக்கு ஹீட்டர் கொடுப்பது உதவியாக இருக்காது. நம் ஊர்க் குளிரைப் பெரும்பாலோர் கம்பளியாலேயே தாங்கிவிடலாம். ஆகவே இந்த வருடமும் கம்பளி, முதியவர்களுக்கு ஸ்வெட்டர், குல்லா, தரையில் படுப்பவர்களுக்குக் கெட்டியான விரிப்பு தருகிறோம். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவது அதிகம் என்பதை மறந்துவிடுகிறோம். பாய்க்கு அடியில் ஒரு பழைய கம்பளியோ சாக்கோ விரித்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

பிள்ளை பெற்றவர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் உள்ள வீடுகளுக்கு மட்டும் ஆயில் ஹீட்டரை இரவலாகத் தருவோம். அதற்கு முன் எலக்ட்ரீஷியன் வந்து பாயிண்ட்டையும் எர்த்தையும் பார்ப்பார், சகோதரிகள் வந்து சன்னலைப் பார்ப்பார்கள். சரிசெய்ய வசதி இல்லாதவர்களுக்கு அந்தச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ். தேவை முடிந்ததும் ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். பரணில் சும்மா கிடக்கும் நல்ல ஆயில் ஹீட்டர் யாரிடமாவது இருந்தால் அதையும் ஸதகாவாகக் கொடுங்கள். சோதித்துப் பார்த்த பிறகே கொடுப்போம்.

ஓர் உயிரைக் காப்பது மனிதகுலம் முழுவதையும் காப்பது போன்றது என்பது குர்ஆன் நமக்குக் கற்றுத்தரும் பாடம். அதற்காகப் பெரிய காரியம் எதையும் இன்று ராத்திரி நீங்கள் செய்ய வேண்டியதில்லை. இஷா முடிந்து வீட்டுக்குப் போனதும் வென்டிலேட்டரில் இருக்கும் அட்டையை எடுத்துவிடுங்கள். தணல் இருந்தால் வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுங்கள். பக்கத்து அறையில் இருக்கும் வெளியூர்ப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீடுகளை நெருப்பிலிருந்தும், கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளிலிருந்தும் காப்பாயாக. குளிரில் நடுங்கும் ஏழைகளுக்கு எங்கள் கைகளால் கதகதப்பைக் கொடுப்பாயாக. எங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகத் தூங்கவைத்துப் பத்திரமாக எழுப்புவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.